செல்லுக்கு மேலே இருக்கும் சர்க்கரை

எங்கள் பக்கத்தில் சீனி வேறு, சர்க்கரை வேறு. சீனி என்பது ரேஷன் கடையில் போடுகிற வெள்ளை. சர்க்கரை என்பது கரும்புப் பாகைக் காய்ச்சிக் கிண்டி உதிர்த்த பழுப்புப் பொடி, பொங்கலுக்கும் பானகத்துக்கும் போடுவது. வியாதியின் பெயரும் சீனிதான். “அவுகளுக்குச் சீனி” என்றால் எங்கள் ஊரான கம்பத்தில் யாரும் மேற்கொண்டு விளக்கம் கேட்கமாட்டார்கள். சென்னையில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், சர்க்கரை. அங்கே படிக்கப் போய் நானும் அப்படிப் பேசப் பழகிவிட்டேன். நாக்கை மாற்றிக்கொண்டவள் ஊருக்கு வந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நான் இருக்கவில்லை.

செல்போன் எங்கள் ஊருக்கு வந்த புதிது அது. நான் செல்லைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டவர்களிடம் அப்பா “செல்லு ஆராய்ச்சி” என்று சொல்லிவைத்தார். ஒருவர் நிஜமாகவே பட்டன் அழுந்தாத போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார், நான் விடுமுறைக்கு வந்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டு. அவரை அனுப்பிவிட்டு அப்பாவை உட்காரவைத்து விளக்கினேன். இது உடம்பில் இருக்கிற செல். அதற்கு மேலே சர்க்கரை இருக்கும். அந்தச் சர்க்கரையைப் பற்றித்தான் என் படிப்பு. அப்பா தினமும் பேப்பர் படிக்கிறவர். பேப்பரில் வியாதியைச் சர்க்கரை நோய் என்றுதான் போடுவார்கள். அவர் முகம் அப்படியே தெளிந்தது. மறுநாளிலிருந்து பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நான் சர்க்கரை டாக்டர்.

எத்தனை பேரிடம்தான் இல்லை இல்லை என்று சொல்வது? “நான் டாக்டர் இல்லைங்க, ஊசி போடக்கூடத் தெரியாது” என்பேன். “படிச்ச புள்ள, எம்புட்டு அடக்கமாப் பேசுது பாரு” என்று என் முன்னாலேயே சொல்லிக்கொள்வார்கள். கோபமாகச் சொல்லிப் பார்த்தேன். அப்போது, ஓசியில் வைத்தியம் சொல்ல மனசில்லை, மெட்ராஸ் திமிர் என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு குரல் எனக்கு அமையவே இல்லை. தெருவில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

நான் உண்மையில் செய்த வேலை இதுதான். செல்லின் மேல்பரப்பில் சில புரதங்கள் காலை ஊன்றிக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புரதத் தண்டிலிருந்து சர்க்கரை மூலக்கூறுகளைக் கோத்த சங்கிலிகள் நீளமாகத் தொங்கும். புரோட்டியோகிளைக்கன் என்று பெயர். பெயரில்தான் சர்க்கரை, இனிப்பெல்லாம் கிடையாது. கந்தகம் ஒட்டியிருப்பதால் அந்தச் சங்கிலிகளுக்கு எதிர்மின்னேற்றம் உண்டு. தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பக்கத்தில் மிதந்து போகிற வளர்ச்சிக் காரணிகளையும் பிடித்துச் செல்லிடம் சேர்க்கும். நான் ஒரு தட்டில் தோல் செல்களை வளர்த்து, நடுவில் ஒரு கீறல் போட்டு, அந்தச் சங்கிலிகள் இருந்தால் கீறல் எவ்வளவு சீக்கிரம் மூடுகிறது, இல்லாவிட்டால் எப்படி என்று பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் இருக்கிற புண்கள் எனக்கு நன்றாகவே ஆறின.

அத்தை அப்பாவுக்கு மூத்தவர், அடுத்த தெருவில் இருந்தார். காலையில் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கம்பமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் காய் பறிக்கக் கூட்டிப்போவது அவர் வேலை. எந்தத் தோட்டத்துக்கு யார் என்று பிரிப்பதும் அவர்தான். கங்காணியிடம் மலையாளத்தில் சண்டை பிடிப்பதும் அவர்தான். மாமா போய்ச்சேர்ந்து பல வருடம் ஆகியிருந்தது, பிள்ளைகள் கிடையாது. ஏலக்காட்டுச் சரிவில் ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுவார் என்று கூடப்போகிற பெண்கள் சொல்வார்கள். அவருக்கு அந்த இரண்டு கால்களும்தான் சொத்து. அவருக்குச் சீனியும் இருந்தது.

மழைக்காலத்தில் ஏலக்காட்டுக்குள் போனால் அட்டை கடிக்காமல் விடாது. புகையிலையைத் தேய்த்து உதிர்த்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அத்தைக்குக் கால் சுண்டுவிரல் ஓரத்தில் ஒன்று கடித்திருந்தது. சொறிந்து சொறிந்து அது புண்ணாகி, ஆடி மாதம் நான் ஊருக்குப் போனபோது ஈரமாகவே இருந்தது.

“பாரு ஆத்தா, ஆற மாட்டேங்குது. நீ இதுக்குத்தான படிக்கிற?” என்று காலைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

“அத்தை, நான் டாக்டர் இல்ல. தேனி பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. இன்னைக்கே போங்க.”

“அங்கன போனா வெட்டிப்புடுவாக. மேலத்தெருவுல ஒருத்தரு ரெண்டு காலோட போயி ஒத்தக் காலோட வந்து இறங்குனாரு.”

“அவர் முத்தவிட்டுப் போனாரு. இப்பவே போனா மருந்து வச்சு அனுப்பிருவாக.”

அரைமணி நேரம் மன்றாடினேன். கடைசியில், ஆடி வெள்ளி கழியட்டும், போகிறேன் என்று ஒத்துக்கொண்டார். அதோடு நான் எழுந்து வந்திருக்கலாம். அத்தை விடவில்லை.

“டாக்டரு இல்லேங்கிற. அப்ப அம்புட்டுத் தொலவு போயி என்னத்தத்தான் பண்ற? எனக்குப் புரியிற மாதிரிச் சொல்லு.”

இந்தக் கேள்வியை அதுவரை என்னிடம் யாரும் கேட்டதே இல்லை. என் கைடு ரிசல்ட் வந்ததா என்று கேட்பார். அம்மா எப்போது முடியும் என்று கேட்பார். மற்றவர்கள் மாத்திரை கேட்பார்கள். ஒருவர் உட்கார்ந்து, நீ என்ன செய்கிறாய் என்று கேட்கிறார். எனக்குத் தலைகால் புரியவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

உடம்பெல்லாம் செல்தான் அத்தை, கண்ணுக்குத் தெரியாத பொடிசு என்றேன். ஒவ்வொன்றுக்கும் மேலே கம்பளிப்பூச்சிக்கு இருக்கிற மாதிரி மயிர் இருக்கும், அந்த மயிர் சர்க்கரையால் ஆனது என்றேன். “அரிக்குமா?” என்று கேட்டார். அரிக்காது என்றேன். புண் வந்தால், ஆற்று, ஆற்று என்று உடம்புக்குள் சேதி வரும். அந்தச் சேதியை இந்தச் சர்க்கரை மயிர்தான் பிடித்துச் செல்லுக்குக் கொடுக்கும் என்றேன்.

அத்தை மலைப்பக்கம் கையைக் காட்டினார். “மேல தோட்டத்துல ஜீப்புக்காரன் பாறை மேல ஏறி நின்னு போன் பேசுவான். கீழ நின்னா செல்லுக்கு டவர் எடுக்காது. அப்படியா?”

அப்படியேதான். கருத்தரங்கு மேடைகளில் நான் கேட்ட எத்தனையோ பேச்சுகளில் இவ்வளவு பொருத்தமாக ஒருவரும் சொன்னதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேலே மேலே சொன்னேன். உங்களுக்கு ரத்தத்தில் சீனி கூடிவிட்டது, சீனி கூடினால் செல்லுக்கு மேலே இருக்கிற சர்க்கரை உதிர்ந்துவிடும், உதிர்ந்தால் புண் ஆறாது என்றேன். இரண்டையும் குழப்பிவிடக் கூடாதே என்று வியாதியைச் சீனி என்றும் என் சங்கிலியைச் சர்க்கரை என்றும் கவனமாகப் பிரித்துப் பிரித்துச் சொன்னேன். அந்தச் சாமர்த்தியத்தில் எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

“அப்ப சீனி கெட்டது. சர்க்கரை நல்லது” என்றார் அத்தை.

“ஆமா அத்தை” என்றேன்.

மறுநாள் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டேன். ஆடி முடிந்து ஆவணியில் அப்பா போன் செய்தார். குரலே சரியில்லை. “ஒங்க அத்தை கால்ல எறும்பு மொய்க்குதுத்தா. கட்டை அவுக்க விடமாட்டேங்குது. ஆசுபத்திரின்னா கத்துது. நீ சொன்ன வைத்தியம்தான் பாக்கேன்னு சொல்லுது. நீ என்னத்தச் சொன்ன?”

எனக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. அன்று ராத்திரியே பஸ் ஏறினேன்.

ஊருக்குப் போய் இறங்கியதும் நேரே அத்தை வீட்டுக்குத்தான் போனேன். கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டிலின் நாலு காலுக்கும் அடியில் தண்ணீர் ஊற்றிய கிண்ணம் வைத்திருந்தார், பால் பானைக்கு எறும்பு வராமல் வைப்பது போல. பக்கத்தில் ஒரு டப்பாவில் பழுப்புச் சர்க்கரை. காலில் பழைய சேலைத் துணியைச் சுற்றியிருந்தார். அறைக்குள் பொங்கல் வீட்டு வாசனையும் அதற்குக் கீழே இன்னொரு வாடையும் இருந்தது.

“வா ஆத்தா. நீ சொன்ன மாதிரியே சீனிய வீட்டுக்குள்ளயே விடல. காலையில கழுவிட்டுச் சர்க்கரை வைக்கேன், சாயங்காலம் மறுக்கா வைக்கேன். மொதல்ல எரிஞ்சுச்சு. இப்ப வலியே இல்ல. ஆறுது.”

வலி இல்லை என்றால் அங்கே உணர்ச்சி செத்துவிட்டது என்று எனக்குத் தெரியும். துணியை அவிழ்த்தேன். சர்க்கரை உருகிப் பாகாகி விரல் இடுக்கெல்லாம் ஒட்டியிருந்தது. சுண்டுவிரலும் அடுத்த விரலும் கறுத்துப்போயிருந்தன. தண்ணீர்க் கிண்ணங்களைத் தாண்டி எப்படியோ ஏறிவந்த எறும்புகள் துணியின் மடிப்புக்குள் இருந்தன. வெட்கப்பட்டால் முகம் சிவக்கும் என்பார்கள். நான் வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

“பஸ்ஸுல வந்தது ஒத்துக்கல போல” என்று அத்தை உள்ளேயிருந்து அப்பாவிடம் சொல்வது கேட்டது.

தூக்கி வண்டியில் போட்டுத் தேனிக்குக் கொண்டுபோனோம். அங்கே டியூட்டியில் இருந்தவர் என்னைவிடச் சின்னப் பெண். காலைப் பார்த்துவிட்டு, இதில் சர்க்கரையை வைக்கச் சொன்னது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

“எம் மருமகதான் டாக்டரம்மா. சென்னையில இதுக்குன்னே ஆராய்ச்சி பண்றா.”

டாக்டர் என்னைப் பார்த்தார். “என்ன ஆராய்ச்சி பண்றீங்க?” என்று கேட்டார். கிண்டலாகக்கூடக் கேட்கவில்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். செல் மேற்பரப்பு புரோட்டியோகிளைக்கன், புண் ஆறுவதில் அதன் பங்கு என்று சொன்னேன். அவர் நர்சைக் கூப்பிட்டார். நன்றாக நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

இரண்டு விரலையும் எடுத்தார்கள், பாதத்திலும் கொஞ்சம் எடுத்தார்கள். கால் தப்பியதே பெரிய விஷயம், இனி ஈரக்காட்டில் இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஜீப்பில் அத்தையின் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்து போகிறாள் என்று அப்பா சொன்னார். அத்தையிடம் அதை அவர் சொல்லவில்லை. என்னையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டீக்கடைக்குப் போவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

கட்டுப் பிரித்து மருந்து வைத்த ஒரு நாள் நான் வார்டில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இதற்கு மேல் தள்ளிப்போட முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“அத்தை, நான் சொன்ன சர்க்கரை திங்கிற சர்க்கரையே இல்ல. அது வேற. பேருதான் ஒண்ணு. நான் ஒழுங்காச் சொல்லல. ஒங்க வெரலு போனதுக்கு நான்தான் காரணம்.”

அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். “கிறுக்குப் புள்ள. நீ என்ன பண்ணுவ? நீ சொன்னது சரிதான். கடக்காரன்தான் சர்க்கரையில சீனியக் கலந்து வித்துப்புட்டான். இப்ப எவன் சுத்தமாக் குடுக்கான்? எனக்குக் காச்சுற எடத்துல போயி நேரா வாங்கணும்னு தோணாமப் போச்சு.”

“இல்ல அத்தை. சுத்தமான சர்க்கரையா இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும்.”

“சரி, சரி. அழுகாத. நாலு பேரு பாக்காக.”

நாலு பேர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அடுத்த கட்டிலில் ஆண்டிபட்டிப் பக்கத்து அம்மா ஒருத்தர், அத்தை வயதுதான் இருக்கும். அவருக்கும் சீனி, அவருக்கும் காலில்தான். அத்தை அவர் பக்கம் திரும்பி, “நான் சொன்னேன்ல, அது இந்தப் புள்ளதான்” என்றார்.

அந்த அம்மா போர்வையை விலக்கினார். குதிகாலில் ஒரு புண், ஓரமெல்லாம் வெளுத்திருந்தது. என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார்.

“கலப்படம் இல்லாத சர்க்கரை எங்கன கிடைக்கும்த்தா?”

வார்டுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினேன். “எதையும் வைக்காதீங்கம்மா. நான் டாக்டர் இல்ல. எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் சொல்லித்தான் இவுகளுக்கு வெரலு போச்சு.”

அத்தை அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். “அவ எப்பயும் இப்படித்தான். படிச்சவன்னு காட்டிக்கவே மாட்டா.”

அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, காலை இன்னும் கொஞ்சம் என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.