எலிக்கு வைத்தியம்

ராமாயி இளம் வயதில் கூலி நெல்லுக்காகப் பண்ணையார் களத்தை மறித்துச் சிறைக்குப் போனவள். பட்டா கேட்டு இரண்டு கட்சி ஆட்சியிலும் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள். இப்போது எரிவாயுக் குழாய்க்காரர்கள் வயலை அளக்க வந்துவிடாமல் வாய்க்கால் பாலத்தில் காவல். தலையில் எப்போதும் சிவப்புத் துண்டு. போராட்டத்துக்கு என்று ஊர் நினைத்தது. மார்புப் புற்றுக்குத் தஞ்சாவூரில் போட்ட ஊசியில் முடி கொட்டிய விஷயம் மருமகள் பொன்னுத்தாய்க்கு மட்டும் தெரியும். அடுத்த ஊசிக்கான நாள் அன்றுதான்.

“காவலை விட்டுட்டு எப்படிடி போறது?” என்று மருமகளிடம் சொல்லிவிட்டுக் காலையிலேயே பாலத்துக்கு வந்துவிட்டாள்.

பாலத்துக்குக் கீழே ஒருவன் சேற்றில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். கரையில் பைக், ஒரு சாக்கு.

“மண்ணா எடுக்கிற? யாரு அனுப்புனா?”

“நண்டும்மா. யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்றேன். பேரு தியாகராசன்.”

சாக்கைப் பிரித்துப் பார்த்தாள். நண்டுதான்.

“என்ன ஆராய்ச்சி?”

“டெலிவரி.”

“நண்டுக்கா?”

“மருந்து டெலிவரிம்மா. நண்டு ஓட்டுலேருந்து ஒரு பொருள் எடுத்து, கண்ணுக்கே தெரியாத துகளா ஆக்கி, அதுக்குள்ள புத்துநோய் மருந்தை வைக்கிறோம். கட்டி இருக்கிற எடத்துல போய் மருந்து எறங்கணும். மத்த எடத்தைக் கெடுக்கக் கூடாது.”

ராமாயியின் கை துண்டைத் தொட்டது. “முடி கொட்டாதா?”

“கொட்டாம இருக்குமான்னுதான் பாக்குறோம்.”

“யாருக்குப் போட்டுப் பாத்தீங்க?”

“எலிக்கு.”

“நண்டு எங்க வரப்பை ஓட்டை போடுது. எலி கதிரை அறுத்துக்கிட்டுப் போவுது. ஒண்ணைக் கொன்னு இன்னொண்ணுக்கு வைத்தியமா? அதுக்குச் சம்பளம் வேறயா?”

“எலிக்குச் சரியானாத்தாம்மா மனுசருக்கு.”

“எப்ப?”

“பத்து வருசம் ஆவலாம். வராமலும் போவலாம்.”

“அதுவரைக்கும் புத்து வந்தவ?”

“இப்ப இருக்கிற ஊசியத்தான் போட்டுக்கணும். விட்டா ஆபத்து.”

எலி மினுமினுவென்று முடியோடு திரியும், தான் போய்ச் சேர்ந்திருப்பாள். ராமாயிக்குப் பொறுக்கவில்லை.

“வண்டிய எடு. பெரியாஸ்பத்திரில எறக்கி விடு.”

நண்டுச் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். வயலில் நின்ற ஐயாவு, குழாய்க்காரன் ராமாயியைக் கடத்திக்கொண்டு போகிறான் என்று ஊருக்குள் ஓடினார்.

ஆஸ்பத்திரியில் கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பொன்னுத்தாய்.

“அத்தே, ஆஸ்பத்திரிலதானே இருக்கீங்க? இங்க ஒங்கள மீட்கச் சொல்லி ரோட்டுல மறியல். தாசில்தாரே வந்துட்டாரு. உண்மையச் சொல்லிடவா?”

ராமாயி மேலே தொங்கிய பாட்டிலைப் பார்த்தாள். பாதிதான் இறங்கியிருந்தது.

“தாசில்தாரா? வாயத் தொறக்காத. குழாய் வராதுன்னு எழுதி வாங்குங்க மொதல்ல. நான் சாயங்காலந்தான் கெடைப்பேன்.”