பாயி கழுவாத தட்டு

மே மாதம். பம்பாயில் ஒரு சொட்டு மழை கிடையாது. மாதுங்காவிலிருந்து வியர்த்து விறுவிறுத்து ஆஸ்பத்திரிக்கு வந்து, இரண்டாவது மாடியில் எங்கள் பரிசோதனைக் கூடத்து மூலை அலமாரியைத் திறக்கிறேன், குப்பென்று மழை பெய்த மண்ணின் வாடை! பைத்தியக்காரி மாதிரி ஜன்னலுக்கு ஓடி வானத்தைப் பார்த்தேன். வெயில் கண்ணைக் குத்தியது. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அந்த வாடை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

யுத்த காலம் அது. சளியைக் கண்ணாடித் தட்டில் தடவிக் கிருமி முளைக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இரண்டு நாளில் ஒன்றும் முளைக்காவிட்டால் தட்டு கழுவப் போய்விடும். கண்ணாடி கிடைக்காத காலமாகையால் எங்கள் பார்சி டாக்டர் அதில் மகா கண்டிப்பு. மேலே எழுதியதை ஸ்பிரிட் தொட்டு அழித்து, தட்டை வேகவைத்துக் கழுவுகிறவளை வேலைக்காரப் பெண்களைக் கூப்பிடும் பம்பாய் வழக்கப்படி எல்லோரும் பாயி என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, தாராவியில் குடித்தனம். அவள் புருஷன் தோல் பதனிடும் வேலைக்காரர். நெடுநாள் சர்க்கரை வியாதியில் உருகிப்போன மனிதர், அந்த மாதம் காய்ச்சலும் இருமலுமாகக் கீழ்வார்டில் வந்து படுத்துவிட்டார். நான்கு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். சளியைச் சாயமேற்றி முதலில் லென்ஸில் பார்த்தபோது காசநோய்க் கிருமி மாதிரி சிவப்பாக ஏதோ தெரிந்தது. காசநோய் என்று முடிவு கட்டி, ஊருக்கு வெளியே சானடோரியத்துக்கு அனுப்பச் சீட்டும் எழுதியாயிற்று, அங்கே இடம் காலியாவதுதான் பாக்கி. காசநோய்க்கு அன்று ஏது மருந்து? போனவர்கள் திரும்புவது அபூர்வம்.

வேறு கிருமியும் உண்டா என்று பார்க்க அவர் சளியையும் தடவி, தட்டில் நான் நம்பர் போடப் போனபோது பாயி கையைப் பிடித்துக்கொண்டாள். "நம்பரு மாறிப்போச்சுன்னா என்னம்மா செய்ய? அவுக பேரை எழுதுங்க." அவளுக்குப் படிக்கத் தெரியாது, அந்த ஒரு பெயரின் எழுத்துகள் மட்டும் தெரியும். தமிழில் எழுதினேன். இரண்டு நாள் கழித்துத் தட்டு வெறுமையாக இருந்தது. கழுவுகிற கூடையில் போட்டேன், மறந்தும் போனேன்.

எட்டாம் நாள்தான் அந்த மண்வாடை. அலமாரியின் அடித்தட்டில், துணி மூடி, அந்தத் தட்டு! உள்ளே சுண்ணாம்பு தெறித்தாற்போல் வெள்ளை வெள்ளையாக முளைத்திருந்தது.

"பாயி! இத ஏன் அலம்பல? டாக்டர் பாத்தா வேலை போயிடும்!"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "கழுவணும்னா பேரை அழிக்கணும்லா. வாயால சொல்லாத பேரு... அவுக படுத்துக் கிடக்கையில நானே எப்படிம்மா அழிப்பேன்? கை வரமாட்டேங்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தும் விட்டேன். இன்று என் பேத்தி புருஷனைப் பெயர் சொல்லி அதட்டுகிறாள், எனக்கு அதுவும் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் பாயியைப் பார்த்துச் சிரித்ததற்கு மட்டும் இன்றும் வெட்கப்படுகிறேன்.

சத்தம் கேட்டு வந்த டாக்டர் திட்டத்தான் வாயைத் திறந்தார். வாடை மூக்கில் ஏறியதும் வாய் அப்படியே நின்றது. ஒரு துளி எடுத்துச் சாயமேற்றி லென்ஸில் கண்ணை வைத்தவர், "அரே! அரே பாப்ரே!" என்று துள்ளி எழுந்து, நீயும் பார் என்று என்னைப் பிடித்து லென்ஸ் முன் உட்கார வைத்தார். வேர் மாதிரி கிளை கிளையாகப் பிரிந்து ஓடும் மெல்லிய இழைகள்! காசநோயே இல்லை. மண்ணில் கிடக்கும் கிருமி அது, திடமான உடம்பை அநேகமாக ஒன்றும் செய்யாது. தளர்ந்த உடம்பு கிடைத்தால் நெஞ்சில் குடியேறி, அங்கிருந்து மூளை வரை பரவிவிடும். பார்ப்பதே அபூர்வம், முளைக்க ஒரு வாரம் எடுக்கும். நாங்களோ இரண்டே நாளில் கழுவிக்கொண்டிருந்தோம்! இதற்கு சல்ஃபா மாத்திரை கேட்கும் என்று கத்திக்கொண்டே டாக்டர் சானடோரியச் சீட்டைக் கிழிக்கக் கீழே ஓடினார். அந்தக் கனத்த மனிதர் ஓடி அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மாதக்கணக்கில் மாத்திரை, கூடவே சர்க்கரைக்கு ஊசி. காய்ச்சல் முதலில் விட்டது. சோறு இறங்கியது. பாயி தினமும் கீழே போய் வந்து, "இன்னைக்கு ரெண்டு தடவைதான் இருமினாக" என்று எனக்குக் கணக்குச் சொல்வாள்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலை, கூடத்து வாசலில் ஓர் ஆள் வந்து நின்றார்.

"ஏட்டி, ரெண்டு மாடியும் ஏறிட்டேன். ஒரு எடத்துலயும் நிக்கல."

பாயி சோப்புக் கையோடு திரும்பினாள். அவரை உச்சியிலிருந்து பாதம் வரை பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, முகத்தில் சிரிப்பு.

"நான் பாக்கலயே! இன்னொருக்க ஏறிக் காட்டுங்க."

மனிதர் இறங்கிப் போனார். டாக்டர் உட்பட நாங்கள் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு, படியில் ஏறி வரும் அந்தக் காலடிச் சத்தம் எங்கேயும் நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டு நின்றோம். நிற்கவில்லை.