லேபிள் அக்கா நடத்திய ஒத்திகை

வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குக் கிளம்பியவன், சான்றிதழில் முத்திரை வாங்க மண்டலக் கல்வி அலுவலகத்துக்குப் போனான். மேசையில் மலைபோல் உறைகள். அவற்றின் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"தம்பி, இந்த லேபிள் மேல ஒரு விரலை வை. எதுக்கு முத்திரை?"

"காலேஜ் சேரணும்க்கா. எங்க வீட்ல நான்தான் முதல்ல."

"அப்படியா! அப்ப ரெண்டு விரலா வை."

பசை காய்வதற்குள் முத்திரை வந்துவிட்டது. இதை எழுதுபவனுக்கு லேபிள் அக்கா அறிமுகமானது அப்படித்தான்.

பதினாறு வருடம் உறைகளில் முகவரி ஒட்டியவர் அவர். அறுபத்திரண்டு பள்ளிகளின் முகவரியையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். ஆனால் மாணவர் விழா அன்று வாசலில் பெயர் அட்டை கொடுப்பதோடு சரி, அரங்குக்குள் போனதில்லை. போன வருடம் புதிதாக வந்த இயக்குநர் அம்மா அவரைக் கூப்பிட்டார்.

"வினாடி வினாவை நீங்க நடத்துங்க. சனிக்கிழமை ஒத்திகைக்கு வர்றேன். நல்லா நடந்தா விழாப் பொறுப்பே உங்களுக்குத்தான். சொதப்பினா பழையபடி லேபிள்."

அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டில் கணவரைக் கேள்வி கேட்டே துளைத்தெடுத்தார்.

"மணியடிச்சிட்டுச் சொல்லுங்க."

"மணிக்கு எங்கடி போவேன்?"

"டம்ளரைத் தட்டுங்க."

ஒத்திகையில் மாணவர்களுக்குப் பதில் ஆசிரியர்கள் உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. மணி, நேரம், மதிப்பெண் எல்லாம் சரியாக வருகிறதா என்று பார்க்கத்தான். வெள்ளிக்கிழமை அக்கா அலைபேசியில் தட்டினார்: 'நாளை காலை பத்து மணிக்கு ஒத்திகை. பிள்ளைகளின் இடத்தில் நீங்களே அமர்ந்து பதில் சொல்ல வேண்டும். தவறாமல் வரவும்.'

செய்தி போய்விட்டது. ஆசிரியர் குழுவுக்கு அல்ல, அதற்குக் கீழே இருந்த பெற்றோர் குழுவுக்கு.

மறுநாள் வாசலில் நூறு பேருக்கு மேல். ஒரு கொத்தனாரை மதில் ஓரமாக ஒதுக்கி நிறுத்தியிருந்தாள் அவர் மகள். அவள் கையில் அறிவியல் புத்தகம்.

"கடைசியாக் கேக்கறேன்பா. பூமிக்குப் பக்கத்துல இருக்கிற நட்சத்திரம்?"

"ராத்திரி வரைக்கும் ஞாபகம் இருந்துச்சும்மா."

"சூரியன்! என் மானத்தை வாங்காதீங்க."

அலைபேசியைத் திறந்து பார்த்தபோதுதான் செய்தி எந்தக் குழுவுக்குப் போனது என்று அக்காவுக்குத் தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா இயக்குநரின் கார் உள்ளே நுழைய வேண்டும்! எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடலாம். ஆனால் அந்தக் கொத்தனார் வேலையை விட்டுவிட்டு, மடிப்புக் கலையாத சட்டையில் வந்து நிற்கிறார்.

"வரிசையா உள்ள வாங்க," என்றார் அக்கா.

அக்கா மைக்கை எடுப்பதற்குள் மணி அலறியது. கொத்தனார்!

"அண்ணே, நான் இன்னும் கேள்வியே கேக்கலையே!"

"தெரியும்மா. அடிச்சுப் பார்க்கணும்னு ஒரு ஆசை."

அரங்கம் குலுங்கியது. அப்புறம் ஆளாளுக்கு மணியை அடித்தார்கள். ஒரு அம்மா சரியான பதிலைச் சொல்லிவிட்டு, பிள்ளையைப் பாராட்டுவதுபோல் தன் கன்னத்தைத் தானே தட்டிக்கொண்டார். பத்தாவது கேள்வி வந்தது. செங்கோண முக்கோணத்தின் சிறிய பக்கங்கள் மூன்று, நான்கு. நீண்ட பக்கம் எவ்வளவு?

"அஞ்சு!" மணியை மறந்துவிட்டுக் கத்தினார் கொத்தனார். "கயிறு பிடிச்சுச் சுவர் மூலை சரியா இருக்கான்னு பார்க்கறதே அதை வச்சுத்தானே!"

மகள் பெஞ்சின் மேல் ஏறி விசில் அடித்தாள்.

முடிந்ததும் இயக்குநர் மேடைக்கு வந்தார். அக்கா முந்திக்கொண்டார். "தப்பு என்னுதுதான் மேடம். குரூப்பை மாத்தி அனுப்பிட்டேன்."

"மணி, நேரம், மார்க் எல்லாம் சரியா வந்துச்சா?"

"வந்துச்சு மேடம்."

"அப்ப ஒத்திகை முடிஞ்சுது." சிரித்துச் சிரித்து இயக்குநருக்குக் கண்ணில் நீர். "அடுத்த வருஷமும் இதே குரூப்புக்கே மாத்தி அனுப்புங்க."

இப்போது லேபிள் அக்கா அந்த அலுவலகத்தின் மாணவர் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை பெற்றோர் ஒத்திகை. இந்த வருடம் முந்நூறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.