எங்கள் வானுக்கு எந்த ஊர்

தெருவில் தூவிய உப்போடு பனி காய்ந்த ரப்பர் விரிப்பின் மணமும், அதன்மேல் அடுக்கிய இடியப்பத் தட்டுகளின் ஆவியும் கலந்த ஒரு வாசனை எங்கள் வெள்ளை வான் வண்டிக்குள் எப்போதும் இருந்தது. பள்ளி விட்டு அதில் ஏறினால் என் வீட்டுப்பாடக் கொப்பிகூடச் சொதி மணக்கும். மூக்குக் கட்டையான, பெட்டிபோல் உயர்ந்த அந்தச் சின்ன வானை நம்பித்தான் அப்பா தொழிற்சாலை வேலையை விட்டு, கனடாவின் ஸ்காபரோவில் பிளாசாக் கடைத்தொகுதிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் சொந்தத் தொழிலைத் தொடங்கியிருந்தார்.

அதன் முகப்பில் இருந்தது அமெரிக்கக் கம்பனியொன்றின் சின்னம். ஜெர்மனியில் இருந்த பெரியப்பா அதை வீடியோவில் பார்த்த அன்று குழப்பம் தொடங்கியது. அவருடைய வாசலில் அச்சாக அதே வான் நின்றது. பெயர் மட்டும் "டோப்லோ", இத்தாலிக்காரருடையது.

"தம்பி, உன்னை வடிவாய் ஏமாத்திப் போட்டாங்கள். உது எங்கட டோப்லோவைப் பாத்து அடிச்ச போலிக் கொப்பி."

"அண்ணை, ஷோரூமில எடுத்த புது வான்."

"அப்ப புதுக் கொப்பி."

எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி வாங்குவதென்றாலும் ஜெர்மனியிலிருந்து சம்மதம் வரவேண்டும். வானை மட்டும் அப்பா கேளாமல் வாங்கிவிட்டார். அன்றிலிருந்து, கழன்றுவிடுமோ என்பதுபோல், அவர் அதன் கதவை மெல்லத்தான் சாத்தினார். திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய வேலைக்கே போகலாமா என்று அம்மாவிடம் கேட்கவும் தொடங்கினார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளியை ஒழுங்காகக் கண்ட முதல் ஆள் நான். அந்தப் பெருமை எனக்குச் சிறுவயதிலேயே கொஞ்சம் அதிகம். "பிள்ளை, உதில என்ன எழுதிக் கிடக்கு, வாசி" என்று அப்பா கேட்டபோது கதவோரத்து எழுத்தை உரக்க வாசித்தேன். துருக்கியில் செய்தது என்றிருந்தது. அமெரிக்காவும் இல்லை, இத்தாலியும் இல்லை. "ஜப்பான் சாமான்" என்றால்தான் அசல் என்று கேட்டு வளர்ந்த அப்பாவின் முகம் இருண்டது. சரியாக வாசித்தும் எங்கே பிழை வந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த மாரிக் குளிர்காலத்தில், நடைபாதையில் பனி தள்ளிய வண்டியொன்று எங்கள் வானின் வலப்பக்கத்தில் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியை உடைத்துவிட்டது. புதியது வரச் சுணங்கும், நாள் பிடிக்கும் என்றார்கள். சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு ஸ்காபரோ வரவிருந்த பெரியப்பா, தன் வானுக்குரிய கண்ணாடி ஒன்றை வாங்கி, பெரியம்மாவின் கூறைச் சேலைக்குள் சுற்றிச் சூட்கேசில் கொண்டுவந்தார். உதவி செய்ய அல்ல.

"இது பொருந்தாது. பொருந்தாட்டி உது கொப்பிதான், நீ வானைத் திருப்பிக் குடுக்கவேணும்."

அப்பா தலையாட்டினார்.

அடுக்குமாடியின் நிலக்கீழ் வாகனத் தரிப்பிடத்தில் எல்லோரும் சுற்றி நின்றோம். அப்பா அதை இரண்டு கையாலும் பிடித்துப் பொருத்தினார். கண்ணாடி 'டக்'கென்று போய் உட்கார்ந்தது, அதன் மின்வயரும் கொளுவியது. பெரியப்பா குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"அப்ப என்ரயும் கொப்பியோ?"

"அத்தான், ஆரின்ர வான் எண்டாலும் இடியப்பம் ஆறுது, வாங்கோ" என்றாள் அம்மா.

அப்பா வானைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அது சுமந்த சாப்பாட்டில்தான் நான் பல்கலைக்கழகம் வரை போனேன். இரண்டு வான்களும் துருக்கியில் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை என்று அங்கேதான் தேடி அறிந்தேன். இன்று எங்கள் வான் இல்லை. துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த மாடலை இந்த நாட்டில் விற்பதும் நின்றுபோயிற்று. ஐரோப்பாவில் "டோப்லோ" என்ற பெயர் இன்னும் இருக்கிறது. ஆனால் அதைச் சுமப்பது வேறொரு பிரெஞ்சு வானின் உடல். இதையெல்லாம் போன கிழமை அப்பாவுக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அங்க பேர் இருக்கு, வான் இல்லை. எங்களிட்ட வான் இருந்தது, பேர் இல்லை. இதில எது பிள்ளை அசல்?"

அந்த வான் ஓடியதால்தான் நான் படித்தேன் என்று தெரியும். அதை எந்தப் பெயர் சொல்லி நினைப்பது என்றுதான் தெரியவில்லை.