உள்பக்கத் தாழ்ப்பாள்

அரசுக் காப்பகத்தில் அவளுக்குத் தாழ்ப்பாள் அக்கா என்று பெயர்.

தையல் வேலை என்று சொல்லித்தான் ஒரு தரகன் அவளை எல்லை தாண்டி அழைத்து வந்தான். தையல் இயந்திரமே இல்லாத ஒரு மாடிவீட்டில் விற்றுவிட்டான். அங்கே அறைகளுக்கு வெளிப்பக்கம்தான் தாழ்ப்பாள். போலீஸ் மீட்டுக் கொண்டுவந்து சேர்த்த காப்பகத்தில் மெத்தை புதிது, போர்வை புதிது. ஆனால் பொழுது சாய்ந்ததும் வார்டன் வராந்தா நெடுக ஒவ்வொரு கதவாக வெளியிலிருந்து தாழிட்டுக்கொண்டே போவார். சாட்சிகளை அப்படித்தான் காக்க வேண்டும் என்பது அரசு விதி.

அந்தச் சத்தம் அவளுக்குப் பழைய சத்தம். நீதிமன்றத்தில் வாயைத் திறக்க மாட்டேன் என்று இருந்துவிட்டாள். தரகன் மேல் இருந்த வழக்கோ அவள் ஒருத்தியின் சாட்சியை நம்பியிருந்தது.

"உன் பாதுகாப்புக்குத்தானேடி பூட்டுறேன்," என்றார் வார்டன்.

"அவனும் அதையேதாம்மா சொன்னான்."

அரசு வழக்கறிஞர் அவள் அறைக்கே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"நீ பேசலேன்னா அவன் வெளிய வந்துடுவான்மா."

"வரட்டும் மேடம். நான் உள்ளதானே இருக்கேன்."

பேச்சு இழுத்துக்கொண்டே போனது. பொழுது சாய்ந்தது. வார்டன் பழக்க தோஷத்தில் அந்தக் கதவையும் தாழிட்டுவிட்டுப் போய்விட்டார். வழக்கறிஞர் தட்டினார், கத்தினார், வியர்த்துப்போய்ச் சுவரில் சாய்ந்தார்.

"முதல்ல அப்படித்தான் இருக்கும் மேடம். போகப்போகப் பழகிடும்," என்றாள் அவள்.

ராத்திரிச் சாப்பாடு வந்தபோதுதான் கதவு திறந்தது. வழக்கறிஞர் அதன்பின் அவளிடம் சாட்சி பற்றிப் பேசவில்லை. துறைச் செயலரிடம் போய்ப் பேசினார். விடாமல் பேசினார். மீட்கப்பட்ட பெண்களைப் பூட்டி வைக்கக் கூடாது, அவர்கள் வெளியே வேலைக்குப் போகலாம் என்று புது ஆணை வந்தது.

தாழ்ப்பாள்களைக் கழற்றி உள்பக்கம் மாட்டத் தச்சர் வந்தார். அவள் கையை நீட்டி ஸ்குரூ டிரைவரை வாங்கிக்கொண்டாள்.

"என் பொழப்பைக் கெடுத்துடாத தங்கச்சி."

"என் கதவு மட்டும்தாண்ணே. மத்ததெல்லாம் உங்களுக்கு."

பிறகு நீதிமன்றத்தில் அவள் பேசினாள். தரகன் முறைத்தான். அவன் முகத்தைப் பார்த்தபடியே சொல்லி முடித்தாள். அவனுக்குச் சிறை என்று தீர்ப்பானது. அவளுக்கு ஒரு தையல் கம்பெனியில் நிஜமான இயந்திரம் கிடைத்தது.

முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது கதவு தட்டப்பட்டது.

"யாரு?"

"நான்தான்டி, வார்டன்."

"இருங்கம்மா, வர்றேன்."

தலையை நிதானமாகப் பின்னி முடித்த பிறகுதான் தாழ்ப்பாளை நீக்கினாள். வார்டன் அதுவரை வெளியே நின்றுகொண்டிருந்தார்.