புஸ்ஸக்காவும் லிஃப்ட் ஸ்டிக்கரும்

என் அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அவள் கூட்டிப் பெருக்கும் கட்டடத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. பத்து மாடிக்கும் அவள் புஸ்ஸக்காதான். இடுப்பில் எப்போதும் ஒரு ஸ்ப்ரே டப்பா செருகியிருப்பாள், துருவுக்கும் கீச்சிடும் கதவுக்கும் அடிக்கிற எண்ணெய் ஸ்ப்ரே. எதைப் பார்த்தாலும் 'புஸ்' என்று ஓர் அடி. பிள்ளைகள் வைத்த பெயர், பெரியவர்கள் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

கதவுக்கு அடிப்பதில் என்ன சாமர்த்தியம்? அதற்கு டப்பாவிலேயே படம் போட்டிருக்கிறது. படத்தில் இல்லாததைக் கண்டுபிடித்தவள் என் அக்கா. மூன்றாவது மாடிச் சுவரில் ஒரு வாண்டு கிரேயானால் ரயில் வரைந்து வைத்திருந்தது. துணியில் இரண்டு புஸ் அடித்து, எஞ்சின் முதல் கடைசிப் பெட்டி வரை துடைத்தெடுத்தாள். ஒரு சின்னப் பெண்ணின் முடியில் சூயிங்கம் ஒட்டியபோது அவள் அம்மா கத்திரிக்கோலோடு நின்றாள். "அடிப்பாவி, கத்திரிய கீழ வைம்மா!" என்று அக்கா அதட்டி, கொஞ்சம் தடவி, சீப்பால் உருவி, சோப்புப் போட்டு அலசியும் விட்டாள். குடியிருப்போர் சங்கத்துச் செக்ரட்டரி மனைவியின் வீங்கிய விரலில் மோதிரம் மாட்டிக்கொண்டபோதும் இவளைத்தான் கூப்பிட்டார்கள்.

தவறே செய்யாதவள் என்று நான் சொல்லவில்லை. ஆரம்பத்தில் ஒரு வீட்டுக் குளியலறைத் தரையில் சோப்புக் கறை போகட்டும் என்று அடித்துவிட்டு, எழுந்த வேகத்தில் வழுக்கித் தொப்பென்று உட்கார்ந்தாள். ஒரு மாதம் தலையணை போட்டுத்தான் உட்கார முடிந்தது. அன்றிலிருந்து தரைக்கு அடிப்பதில்லை, அடுப்புப் பக்கமும் டப்பாவைக் கொண்டுபோவதில்லை. எங்கே அடித்தாலும் சோப்புத் துணியால் துடைக்காமல் நகர மாட்டாள்.

நான் அதே கட்டடத்தில் ஏழாவது மாடி டாக்டரம்மா வீட்டில் சமைக்கிறேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து என் முழங்கால் ஜவ்வு கிழிந்தது. மூன்று மாதத்துக்குப் படியேறக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சரியாக அந்த நேரம் பார்த்து, வேலைக்காரர்களுக்கென்று விட்டிருந்த பின்பக்க லிஃப்ட் படுத்துவிட்டது. முன்பக்க லிஃப்டில் ஏறினோம். பத்தாவது நாள் அதற்குள் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. 'வேலையாட்கள் இந்த லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது.'

ஒட்டியவர் அதே செக்ரட்டரி. பழுதான லிஃப்டைச் சரிசெய்ய அவருக்கு நேரமில்லை, ஸ்டிக்கர் அடிக்க மட்டும் நேரமிருந்தது. அவர்கள் சாப்பிடுகிற சோற்றை நான் தொடலாமாம், அவர்கள் அமுக்குகிற பட்டனைத் தொடக் கூடாதாம்!

ஏழு மாடிக்கு நூற்று இருபத்தாறு படி. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று நாள் ஏறினேன். மூன்றாம் நாள் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"ரூல்னா ரூல்தானேம்மா. நான் என்ன பண்ண முடியும்? ஏற முடியலன்னா சொல்லிடு, வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார்.

கீழே வந்து அக்காவிடம் அழுதேன். அவள் என்னைத் துப்புரவுச் சாமான்கள் வைக்கும் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே கதவின் பின்னால் போன வருடத்துச் சுற்றறிக்கை ஒன்று தொங்கியது. லிஃப்டுக்குள் டியூஷன் விளம்பரமும் வீடு மாற்றும் லாரி விளம்பரமும் ஒட்டித் தொல்லை கொடுத்த சமயத்தில் செக்ரட்டரி போட்டது. 'லிஃப்டுக்குள் யார் எந்த ஸ்டிக்கர் ஒட்டினாலும் துப்புரவுப் பணியாளர் அன்றே அகற்ற வேண்டும்.' கீழே கையெழுத்து, சங்க முத்திரை.

"மூணு நாளா வேலைல அசந்துட்டேன்டி" என்றாள்.

"வேணாம்க்கா. உன் வேலையும் போயிடும்."

"போனா போகட்டும். உன் கால் போனா எவன் குடுப்பான்?"

காகிதத்தைக் கழற்றி மடித்து யூனிஃபார்ம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேராக லிஃப்டுக்குப் போனாள். ஓரத்தில் நகத்தால் கீறி, உள்ளே ஒரு புஸ். கொஞ்ச நேரம் ஊறவிட்டு மெல்ல உரித்தாள். பசை மிச்சத்துக்கு இன்னொரு புஸ், பிறகு சோப்புத் துணி. சுவர் பளபளவென்று ஆனது.

மறுநாள் காலையில் என் கையைப் பிடித்து அதே லிஃப்டுக்குள் கூட்டிப்போனாள். கதவு மூடப்போகிற சமயம் செக்ரட்டரி உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"யாரு எடுத்தது?"

"நான்தான் சார்."

"எவ்ளோ திமிர் உனக்கு! யாரைக் கேட்டு எடுத்தே?"

அக்கா காகிதத்தை எடுத்து விரித்தாள். "உங்களைக் கேட்டுத்தான் சார். யார் ஒட்டினாலும்னு போட்டிருக்கு. கையெழுத்து உங்களோடதுதானே?"

"நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

"சரி சார். எழுத்துல குடுங்க. கால் ஒடிஞ்சவள லிஃப்டுல ஏத்தினதுக்காக நிறுத்தறேன்னு எழுதி, இதே மாதிரி முத்திரை போட்டுக் குடுங்க. பத்து மாடிக் கதவுலயும் நானே ஒட்டறேன். ஒட்டத் தெரியாதவளா நான்?"

அக்கா கதவை ஒரு காலால் தடுத்துக்கொண்டே பட்டன் பக்கம் கையைக் காட்டினாள்.

"நாலாவது உங்களுக்கு, ஏழாவது எங்களுக்கு. அமுக்குங்க சார், நீங்கதான் பக்கத்துல இருக்கீங்க."

அவர் அமுக்கவில்லை. எங்களோடு ஒரே பெட்டியில் நிற்கவும் அவருக்கு மனசு வரவில்லை. வெளியே போய்ப் படிக்கட்டில் ஏறத் தொடங்கினார். அக்காவே ஏழாம் பட்டனை அமுக்கினாள். நான் அழுதேன், சிரிப்பும் வந்தது.

வேலையை விட்டு நிறுத்தும் கடிதம் இன்றுவரை வரவில்லை. மறுநாள் ஸ்டிக்கர்தான் வந்தது, முன்னதைவிட இரண்டு மடங்கு பெரியது. நான் படிக்கட்டுப் பக்கம் திரும்பினேன். அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தி, டப்பாவைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள்.

"இன்னும் பாதி இருக்கு. நீ ஏறுடி" என்றாள்.