சர்க்கரைக்காரி கேட்ட மிட்டாய்

"...எத்தன தடவ கேட்டாலும் ஒங்களுக்குக் கெடையாதுக்கா, கைய எடுங்க!" என்று மிட்டாய்ப் பொட்டலத்தை மறைத்துக்கொண்டாள் செல்வி. தென்காசிப் பெண், என்னோடு ஒரே லைனில் வேலை. அன்று அவளுக்குப் பிறந்தநாள், கம்பெனி பஸ் முழுக்க மிட்டாய்.

நானோ, கேன்டீனில் போய்ச் சாப்பிடலாமென்று சர்க்கரை மாத்திரையை மட்டும் வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தேன். ஒரகடம் நெரிசலில் பஸ் வெகுநேரமாக நகரவே இல்லை. வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது.

"ஆசைல கேக்கல செல்வி! சுகர் எறங்கிட்ச்சி, மயக்கமா கீது!"

அவ்வளவுதான், பதறிப்போய் நாலைந்து மிட்டாயைப் பிரித்து என் வாயில் திணித்தாள். அப்பாடா, போன உயிர் திரும்பி வந்தது!

அன்றிலிருந்து தட்டில் இட்லி விழுந்த பிறகுதான் மாத்திரையைத் தொடுகிறேன். மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் செல்வி என் பையை வாங்கி, கை நிறைய மிட்டாயைப் போட்டாள். "சும்மா திங்கதுக்கு இல்லக்கா!" என்று மிரட்டிவிட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள்.